கட்டில் விரிப்பில் விழுந்த புழுக்கள்

3.11.1962, சனி

அலுமாரியில் இருந்த வெள்ளைக் கட்டில் விரிப்பைக் காணவில்லை. கலியாணத்துக்கு அம்மா தந்த சோடியில் ஒன்று, ஓரத்தில் வெள்ளை நூலால் பூப் பின்னியது. மழைக்காலமாச்சே, பூஞ்சணம் பிடித்திருக்குமோ என்று பார்க்கத் திறந்தேன். ஒன்றுதான் கிடந்தது. கிணற்றடிக் கொடியில் இல்லை. குசினிக்குள் இல்லை. கள்ளன் வந்தால் ஒரு விரிப்பை மட்டுமா தூக்கிக்கொண்டு போவான்?

இவர் மத்தியானம் கழித்துத்தான் வந்தார். சைக்கிள் கரியரில் என்னுடைய விரிப்பு. சுருட்டி, வாழைநாரால் கட்டி.

அவிழ்த்து விரித்தேன். நடுவில் பச்சை பச்சையாகக் கறை. மண், சருகு. ஓரத்துப் பூவில் ஒரு சிலந்தி உயிரோடு ஓடித் திரிகிறது.

“புழு எண்ணினனாங்கள்,” என்றார்.

“நாங்கள் எண்டால் ஆர்?”

“நானும் கிறேஸ் ரீச்சரும்.”

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். உப்புக் குறைவு என்று சொல்கிற அதே குரல்.

4.11.1962, ஞாயிறு

சவுக்காரம் போட்டு அடித்துத் தோய்த்தும் கறை போகவில்லை. புழுவின் வயிற்றில் இருந்த இலைப்பச்சைதான் அது, இலேசில் போகாது என்று இவர் பக்கத்தில் நின்று பாடம் நடத்துகிறார். நான் கேட்டது அதையா?

இவருக்குக் குருவிப் பைத்தியம் என்று தெரிந்துதான் இருக்கிறேன். சனிக்கிழமை விடிந்தால் இத்தியடிக் காட்டுக்குப் போய்விடுவார். சரவணை ஊருக்குப் பின்னால் இருக்கிற அந்தக் காடு என் சீதனக் காணி. இத்தி, வேம்பு, பூவரசு, நாவல், கீழே காரையும் இலந்தையும் முள்ளுமாக மண்டிக் கிடக்கும். அங்கே ஒரு மரத்தோடு மரமாக நின்று, கண்ட குருவியையும் கேட்ட குருவியையும் எண்ணுவார். பிறகு கடற்கரைப் பக்கம் அரசாங்கம் நட்ட சவுக்கங்காட்டுக்குப் போய் அங்கேயும் எண்ணுவார். மரம் எல்லாம் மரம்தான் என்று காட்டிலாகாக்காரர் சொல்கிறார்களாம். இல்லை என்று கணக்கோடு காட்டவேணுமாம். பத்து வருஷமாக இதற்கு நான் முகம் சுளித்ததில்லை. குருவியோடு யார் எரிச்சல்படுவது?

இப்போது இந்தக் கிறேஸ். இவருடைய பள்ளிக்கூடத்துக்குச் செப்டெம்பரில் வந்த விலங்கியல் ரீச்சர். ஊர்காவற்றுறையில் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற மரியநாயகம் சம்மாட்டியின் மகள், யூனிவேர்சிற்றியில் படித்தவள். குருவியை மட்டும் எண்ணினால் போதாது, குருவி தின்னுவதையும் எண்ணவேணும் என்று சொன்னாளாம். மரத்தின் கீழே வெள்ளைத் துணியை விரித்து, கொப்பைத் தடியால் தட்டி, விழுகிற புழு பூச்சியை எல்லாம் எண்ணுவதாம்.

“நல்ல யோசினை, என்ன?” என்கிறார் என்னிடம்.

இவர் என் மீன்குழம்பைக்கூட நல்லது என்று வாயால் சொன்னதில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டால் நான் விளங்கிக்கொள்ளவேணும்.

9.11.1962, வெள்ளி

கிணற்றடியில் அடுத்த வளவு இலட்சுமிப்பிள்ளை அக்கா.

“மாஸ்ரரும் அந்த வேதக்காரப் பெட்டையும் காட்டுக்குள்ள வெள்ளை விரிப்பு விரிச்சவையாம். விறகுக்குப் போனவையள் கண்டவையாம். உனக்குத் தெரியுமோ பிள்ளை?”

“ஓம் அக்கா. அவை புழு எண்ணினவை.”

சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

“புழுவோ?”

“ஓம். புழு.”

“ம்ம்,” என்றா. அந்த ‘ம்ம்’ இன்றைக்கே ஊர் சுற்றிவிடும்.

நாளைக்கு நானும் போகிறேன். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

10.11.1962, சனி

விடியவே சேலையைச் செருகிக்கொண்டு வாசலில் நின்றேன். “நீரும் வாறீரோ?” என்றார். ஆச்சரியமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தார்.

அவள் எங்களுக்கு முதல் வந்து நிற்கிறாள். ஊர்காவற்றுறையில் இருந்து சைக்கிளில். தலையில் பனையோலைத் தொப்பி. கறுப்பு. மெலிவு. வடிவென்று சொல்ல ஏலாது — எழுதிவிட்டுப் பார்க்கிறேன், பொய். வடிவுதான். சிரித்தால் இன்னும் கூட.

“அக்கா, நீங்கள் வந்தது நல்லதாய்ப் போச்சு. அந்த மூலையைப் பிடியுங்கோ.”

“இதின்ர மற்றச் சோடியும் அலுமாரியில கிடக்கு. அதையும் கொண்டரட்டோ?” என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

“ஓம் அக்கா, இருந்தால் கொண்டாங்கோ. இஞ்சை ஒண்டு, சவுக்குக்கு ஒண்டு. புழுதி கலக்காது.”

இவளுக்குக் குத்தல் விளங்காது. இவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

பூவரசங்கொப்பைத் தட்டினாள். மழை தூறுவதுபோல விழுந்தது. பச்சைப்புழு, நூலில் தொங்குகிற புழு, வண்டு, எறும்பு, சிலந்தி, இலை என்று நினைத்துத் தொட்டால் எழும்பிப் பறக்கிற பூச்சி. ஒரு மயிர்க்கொட்டிப் புழு என் முழங்கையில் விழுந்து சுணைமயிர் குத்திவிட்டது. கத்தினேன். இவர் அங்கே நின்றபடி கையை உயர்த்தினார், சத்தம் போடாதையும் என்று. எங்கேயோ ஒரு குக்குறுப்பான் குருவி கத்திக்கொண்டிருந்ததாம். அதைக் கேட்கவேணுமாம். கைக்கு ஓடி வந்தது அவள்தான். என் முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு மயிராகப் பிடுங்கினாள். எனக்கு அது இன்னும் எரிச்சல்.

பிறகு சவுக்கங்காடு. தட்டினால் விழுவது சவுக்கஞ்சருகு, ஊசி ஊசியாக. சருகை விலக்கிப் பார்த்தால் நாலைந்து எறும்பு, கடுகளவு சிலந்தி ஒன்று. அவ்வளவுதான். முள் இல்லை, பற்றை இல்லை, கால் புதையச் சருகு மெத்தை. குருவிச் சத்தமும் இல்லை, காற்றுத்தான். “இஞ்சைதான் துப்பரவாய் வடிவாயிருக்கு,” என்றேன்.

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. அந்தப் பார்வைதான் சுணையைவிடக் கடித்தது.

11.11.1962, ஞாயிறு

முழங்கை வீங்கிக் கிடக்கிறது. இவர் கேட்கவில்லை.

24.11.1962, சனி

இன்றைக்குப் பொழுதுபடுகிற நேரத்தில் சவுக்கங்காட்டில் எண்ணினோம். என்ன சனம் அங்கே! காகமும் மைனாவும் நாலு பக்கத்தாலும் வந்து இறங்கின. மரத்துக்கு மரம் அடிபாடு, இரைச்சல். இவர் எண்ணி எண்ணிக் களைத்துப்போனார். கடைசியில் முகம் விழுந்துவிட்டது. தலையை எண்ணினால் சவுக்குத்தான் வெல்லுகிறது. இத்தியடியில் இவ்வளவு ஒருநாளும் வந்ததில்லை.

கிறேஸ் சிரித்தாள். “சேர், இதுகள் நித்திரை கொள்ள வந்ததுகள். விடிய எழும்பிப் போயிடும். நித்திரை கொள்ள வாறதும் சீவிக்க வாறதும் ஒண்டோ? எங்கை தின்னுதுகள், எங்கை குஞ்சு பொரிக்குதுகள், அதை எல்லோ பாக்கவேணும்.”

இவர் முகம் பளிச்சென்று தெளிந்தது. “பாத்தீரோ மனோகரி, நான் இதை யோசிக்கேல்லை,” என்று என்னிடம் சொல்லி மகிழ்கிறார். அவளுடைய புத்தியை மெச்ச நான் ஒரு ஆள்.

வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுக் கணக்குக் கொப்பியோடு கதிரையில் கிடந்தார், பிறகு போய்ப் படுத்தார். விடிய எழும்பிப் போய்விடுவார். நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது அவள் சொன்னது வந்து நெஞ்சில் குத்தியது. தின்னுவதென்று தின்னுகிறார்தான். குஞ்சும் இல்லாத வீடு இது. என்னுடைய வீடும் ஒரு சவுக்கங்காடோ?

1.12.1962, சனி

இன்றைக்கு அவளை ‘நீர்’ என்றார்.

“கிறேஸ், நீர் அந்தக் கொப்பைப் பிடியும்.” அவ்வளவுதான் சொன்னது. போன கிழமை வரை ‘ரீச்சர், நீங்கள்’. நான் விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றேன்.

படிக்கிற பிள்ளைகளை ‘நீ’ என்பார். ஊராரை ‘நீங்கள்’ என்பார். ‘நீர்’ என்பது என்னுடையது. கலியாணம் முடித்து மாதக்கணக்காக என்னை இவர் ஒன்றுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இஞ்சரும்’ என்பார், அல்லது செருமுவார். ஒருநாள் மழையில் கூரை ஒழுகியபோது, “நீர் அங்கால தள்ளி நில்லும், நனையப்போறீர்” என்றார். அன்றைக்குத்தான் முதல்முறை. அதை நான் எவ்வளவு நாள் மனசுக்குள் வைத்துக் கேட்டேன் என்று இவருக்குத் தெரியுமோ?

இவளுக்குக் கூரை ஒழுகத் தேவையில்லை. ஒரு பூவரசங்கொப்புப் போதும்.

தெரியும், தெரியும். தன்னைவிட வயது குறைந்த ரீச்சர்மாரை மாஸ்ரர்மார் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தெரிந்தென்ன. எரியுது.

8.12.1962, சனி

போனேன். ஒருவரோடும் கதைக்கவில்லை. நான் கதைக்கவில்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

26.12.1962, புதன்

கிறேஸ் நத்தார்ப் பலகாரம் கொண்டுவந்தாள். கேக், கொக்கிஸ், பயத்தம் பணியாரம். இவர் இரண்டாம் தரமும் கேக் எடுத்தார்.

நான் தேத்தண்ணி ஊற்றும்போது குசினி வாசலில் வந்து நின்றாள். “அக்கா, சனம் ஒரு மாதிரிக் கதைக்குதாம். அப்பாவுக்கும் காதில விழுந்திட்டுது. அக்காவும் கூட வாறா எண்டு சொன்னபிறகுதான் அப்பா விட்டவர். நீங்கள் வராட்டி நான் வர ஏலாது.”

ஆக, நான் இவர்களுக்குக் காவல். நான் ஒரு சனிக்கிழமை தலையிடி என்று படுத்தால் எல்லாம் முடிந்துவிடும். இவ்வளவு சுலபம். இது தெரிந்தும் ஏன் படுக்க மனமில்லை?

நான் படுத்தால் இவர் தனியே போவார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். அவளுக்காகத் தொங்குகிற அந்த முகத்தை நான் பார்க்கவேண்டிவரும். அதுதான் காரணம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பயத்தம் பணியாரம் நல்லாய்த்தான் இருந்தது. என்னுடையதில் கொஞ்சம் சீனி கூட.

19.1.1963, சனி

பொங்கல் முடிந்தால் புகையிலைத் தோட்டக்காரர் குழை கேட்டு வருவது வழமை. இத்தியடியில் பூவரசு, வேம்பு, இத்தி என்று கொப்புக் கொப்பாக வெட்டிப் போய்ப் புகையிலைக்குப் பசளையாக மண்ணில் தாழ்ப்பார்கள். அம்மா காலத்தில் இருந்து ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இந்த முறை இவர் முன்கூட்டியே சொல்லி வைத்தார்: “குழை வெட்ட விடாதையும். இலையில்லாட்டிப் புழு இல்லை. கணக்குப் பிழைச்சுப்போம்.”

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அப்புத்துரை அண்ணை வந்தார். பெரியம்மாவின் மகன், பெரிய தோட்டக்காரர், கிராமச்சபை மெம்பர். “என்ன தங்கச்சி, குழை உண்டோ?”

“வெட்டுங்கோ அண்ணை. உங்களுக்கு இல்லாத குழையோ.”

என் சீதனக் காணி. என் குழை. இன்றைக்கு இவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, காட்டுக்குப் போகவில்லை. வண்டில் வண்டிலாக ரோட்டால் குழை போவதை நான் வேலிப்பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

26.1.1963, சனி

இவர், மொட்டையாக நின்ற மரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைனாகுலரைத் துடைத்தார். ஏசியிருக்கலாம். ஏசினால் நானும் ஏசியிருப்பேன்.

கிறேஸ்தான் கொஞ்ச நேரம் நடந்து திரிந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “சேர், தெற்குப் பக்கம் மட்டும்தான் வெட்டியிருக்கினம். வடக்கு அப்பிடியே கிடக்கு. வெட்டின பக்கம், வெட்டாத பக்கம், சவுக்கு. மூண்டையும் ஒப்பிடலாம். தேடினாலும் இப்பிடி ஒரு சந்தர்ப்பம் கிடைக்குமோ!”

இவருக்கும் உசார் வந்துவிட்டது. நான் கெடுக்க நினைத்தது அவர்களுக்குக் கொண்டாட்டமாகப் போய்விட்டது. என் விரிப்பிலேயே, என் கையாலேயே மூன்றாவது கணக்கு. தெற்குப் பக்கம் தட்டினால் சுள்ளிதான் விழுந்தது, இரண்டு எறும்போடு.

அங்கே ஒரு பூவரசங்கவட்டில் புலுனிக் கூடு. இலை இருந்தபோது இருந்த இடம் தெரியாத கூடு. இப்போது ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும். நாங்கள் நிற்கும்போதே காகம் வந்தது. புலுனிகள் கூட்டமாகக் கத்திக் கத்தித் துரத்தின. போய்த் திரும்பவும் வந்தது. குஞ்சைக் கவ்விக்கொண்டு போனபிறகும் அதுகள் கத்துவதை நிறுத்தவில்லை.

வெயில் என்று சொல்லி நிழலில் போய் இருந்தேன். வெட்டுங்கோ என்றது நான். அதே நேரம் அங்கே நின்று ‘வெட்டின பக்கம் — கூடு ஒன்று, குஞ்சு இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தவளைக் கண்டும் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி எழுத வருகிறது அவளுக்கு?

8.2.1963, வெள்ளி

அப்புத்துரை அண்ணை இன்றைக்கு ஒரு பத்திரத்தோடு வந்தார். சவுக்கங்காட்டை அரசாங்கம் பெருப்பிக்கப் போகிறதாம். இத்தியடியைக் குத்தகைக்கு எடுத்து, வெளியாக்கி, சவுக்கு நடுவார்களாம். ஊருக்கு விறகுப் பஞ்சம் தீருமாம். “நீ ஒரு கையெழுத்து வைச்சால் சரி தங்கச்சி. மாஸ்ரற்ற சம்மதக் கையெழுத்தும் வேணும். தேசவழமைச் சட்டம் அப்பிடி.”

“அவர் வைப்பாரோ தெரியாது.”

அண்ணை சிரித்தார். “வைக்கமாட்டார்தான். கலியாணம் பேசேக்கை அவர் உன்ர படத்தையோ பாத்தவர்? காணி உறுதியை எல்லோ பாத்தவர். அதுக்கு முந்தியே உந்தக் காட்டுக்குள்ள வந்து குருவி பாத்துக்கொண்டு திரிஞ்ச ஆள். இத்தியடி சீதனத்தில வருகுதெண்டு சொன்னதுதான் தாமதம், ஓமெண்டிட்டார்.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தேன். அண்ணை படலையைச் சாத்திக்கொண்டு போனபிறகு குசினிக்குள் போய் நிலத்தில் இருந்துவிட்டேன்.

இவ்வளவு நாளும் நான் கிறேஸைப் பார்த்து எரிந்தேனே. அவள் நேற்று வந்தவள். எனக்கு முதலே வந்தவள் அந்தக் காடு. அவளைக் கட்டுவதற்கு என்னையும் சேர்த்துக் கட்டவேண்டியிருந்தது, அவ்வளவுதான். மனிசியோடு என்றால் போட்டி போடலாம். மரத்தோடு என்ன செய்ய?

பேனை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். மனோகரி.

10.2.1963, ஞாயிறு

பத்திரத்தை இவருடைய மேசையில் வைத்தேன். வாசித்தார். திருப்பி ஒருமுறை வாசித்தார். பேனையைத் திறந்து, என் பெயருக்குக் கீழே கையெழுத்து வைத்தார். மை காயும் வரை ஊதினார்.

நான் சண்டைக்கு ஆயத்தமாக வந்தவள்.

“ஒண்டும் சொல்லேல்லை?”

“உம்மட காணி.”

“காட்டைப் பாத்துத்தானே என்னைக் கட்டினீங்கள்?”

“ஓம்,” என்றார். மறுக்கவும் தெரியாத மனுசன். “அப்ப எனக்கு உம்மைத் தெரியாது. காட்டைத்தான் தெரியும்.”

எழும்பிப் போனார். கதவடியில் நின்று, வெளியே பார்த்தபடி சொன்னார்: “சனிக்கிழமை வந்து நீர் முகம் கழுவுற சாட்டில அழுறது எனக்குக் கேக்கும். கிறேஸைப் பற்றி நீர் நினைக்கிறது பிழை எண்டு சொன்னால் நீர் நம்பப்போறேல்லை. சொல்லி என்ன. காடு போனால் அழுகை நிக்குமெண்டால் போகட்டும். அதுதான் வைச்சனான்.”

பிறகு சைக்கிள் ரியூப்பைக் கழற்றி ஒட்டிக்கொண்டிருந்தார். காற்றுப் போகாத ரியூப் அது.

11.2.1963, திங்கள்

பத்திரம் அலுமாரிக்குள். அண்ணை ஆள் அனுப்பினார். இவரும் கையெழுத்து வைத்துவிட்டார், பத்திரத்தைத் தேடவேணும் என்று சொல்லிவிட்டேன்.

16.2.1963, சனி

விடிய எழும்பினால் இவர் எழும்பவில்லை. பிறகு எழும்பிக் கதிரையில் இருந்து பழைய பேப்பர் வாசித்தார். வேலியில் செண்பகக் குருவி கத்தியது. தலை நிமிரவில்லை. சனிக்கிழமையில் இவர் வீட்டில் இருக்கவேணும் என்று எவ்வளவு ஏங்கினேன். இதோ இருக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

விரிப்பைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அங்கே கிறேஸ் தனியே நிற்கிறாள். ஒருவரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. நான் எப்படியும் வருவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாளாம்.

பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டது என்றேன். அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“சித்திரை மட்டும் பொறுப்பினமோ அக்கா? அதுக்குள்ள எண்ணி முடிச்சிடலாம்.”

காட்டை வெட்டாமல் விடச் சொல்லிக் கேட்கவில்லை. எண்ணி முடிக்க மட்டும் கேட்டாள். புலுனிக் கூட்டை எழுதும்போதும் இந்தக் கலங்கின முகம்தானோ? நான் தள்ளி நின்று பார்த்ததில் தெரியவில்லைப்போல.

வடக்குப் பக்கம் விரித்தோம். தட்டியது அவள், பிடித்தது நான். ஒரு பெரிய பச்சைப்புழு விளிம்பால் நழுவப் பார்த்தது. “அங்கால விழப்போகுது, நீர் அந்தப் பக்கத்தைத் தூக்கும்,” என்றேன்.

சொன்னபிறகுதான் கேட்டது. நீர் என்றேன். யோசிக்கவில்லை, கூட்டவில்லை, குறைக்கவில்லை. கண்ணெல்லாம் புழுவில் இருந்தபோது அது தானாக வந்தது. இவருக்கும் இப்படித்தான் வந்ததோ?

கிறேஸ் ஒன்றும் கவனிக்கவில்லை. விளிம்பைத் தூக்கினாள். புழு நடுவில் வந்து விழுந்தது.

17.2.1963, ஞாயிறு

அப்புத்துரை அண்ணை வீட்டுக்கு நானே போய், காணி தரமாட்டேன் என்று சொன்னேன்.

“மாஸ்ரரும் வைச்சிட்டாராம் எண்டு கேள்விப்பட்டன். பிறகென்ன?”

“வைச்சது ரெண்டு பேர் அண்ணை. தராதது நான்.”

“அந்த முள்ளுக்குள்ள என்னடி இருக்கு?”

“புழு,” என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி நல்லது கெட்டதுக்கு வரமாட்டார். வரும் வழியில் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பத்திரத்தை அடுப்பில் வைத்தேன். இவர் குசினிக்குள் வந்து பார்த்தார். தேங்காய் துருவித் தந்தார். பத்து வருஷத்தில் முதல்முறை. பாதிச் சிரட்டையும் சேர்ந்து வந்தது.

27.4.1963, சனி

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானச் சங்கக் கூட்டம். மூவரும் பஸ்ஸில் போனோம். வாசலில் ஒருவர் பெயர் எழுதுகிறார். இவர் முன்னுக்குப் போய்விட்டார்.

“நீங்கள், மிஸிஸ்...?”

நான் முழித்துக்கொண்டு நின்றேன். இவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இந்தக் கொப்பியில்கூட எழுதியதில்லை. அதைச் சொல்லாமல் மிஸிஸை எப்படி முடிப்பது? “மனோகரி,” என்றேன். அவர் ‘செல்வி மனோகரி’ என்று எழுதிவிட்டார்.

எங்கள் கணக்கைக் கிறேஸ்தான் வாசித்தாள். சவுக்கில் விழுவதைப்போலப் பல மடங்கு புழு பூச்சி எங்கள் காட்டில் விழுகிறது. காட்டில் பல சாதிக் குருவி தின்று, கூடு கட்டி, குஞ்சு பொரிக்கிறது. சவுக்குக்குப் பெரும்பாலும் காகமும் மைனாவும் படுக்க வருகின்றன. குழை முழுக்க வெட்டிய பக்கம் திரும்பத் தளிர்க்கும் வரை சவுக்கு மாதிரித்தான். கடைசியில், “பூச்சிக் கணக்கு முழுதும் செல்வி மனோகரி பிடித்தது” என்று வாசலில் பெயர் எழுதிய தாளைப் பார்த்தே வாசித்துச் சிரித்தாள் கள்ளி. ஒரு கிழவர் எழும்பி என்னிடம் சந்தேகம் கேட்டார். சொன்னேன். இவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில் இவர் யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். “செல்வி மனோகரிக்குக் கச்சான் கடலை வேணுமோ?” என்றார், கொஞ்சம் புளித்த குரலில். இவருக்கும் எரியும்போல. பொய் எழுதக்கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

4.1.1964, சனி

கிறேஸுக்கு மன்னாருக்கு மாற்றம். நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். விரிப்பில் ஒன்றைக் கொடுத்துவிட்டேன், முதல் கறை பட்டதை. இன்றைக்கு நானும் இவரும் போனோம். இவர் தட்டினார். தட்டத் தெரியவில்லை. கொப்பு முறிகிறது.

28.4.1964, செவ்வாய்

இவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். கிறேஸைக் கண்டாராம். மெலிந்துவிட்டாளாம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாளாம். மன்னாரிலும் எண்ணத் தொடங்கிவிட்டாளாம், உடைமரக் காடும் தென்னந்தோட்டமும்.

“தனியவோ?” என்றேன்.

“இல்லை. பிலோமினம்மா எண்டு ஒரு அக்கா விரிப்புப் பிடிக்கிறாவாம். நல்ல கெட்டிக்காரியாம். புழு ஒண்டு தப்பாதாம். கிறேஸ் அவவைப் பற்றியே கதைச்சுக்கொண்டு நிண்டவள்.”

நான் சோற்றுப்பானையை இறக்கி வைத்தேன். கொஞ்சம் சத்தமாகத்தான் இறங்கியது.

புழு ஒன்று தப்பாதாம். யார் இந்தப் பிலோமினம்மா? எத்தனை நாளாகப் பிடிக்கிறாள்? என்னுடைய விரிப்பைத்தானே பிடிக்கிறாள். அவளையும் கிறேஸ் அப்படித்தான் கூப்பிடுகிறாளோ, அதே அக்கா, அதே குரல்?

சாப்பிடும்போது சொன்னேன்: “ஓகஸ்ட் லீவுக்கு மன்னாருக்குப் போவம்.”

இவர் நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். “குருவி பாக்கவோ?”

“இல்லை,” என்றேன். “அந்த மனிசியைப் பாக்க.”